நீர்முள்ளி தேடிப் போன ஞாயிறுகள்

திருவனந்தபுரம் சாலை பஜாரில் எனக்கு ஒரு பாத்திரக்கடை இருக்கிறது. அப்பா நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து தொடங்கியது. வெண்கல உருளியைத் தட்டிப் பார்த்து நல்ல வார்ப்பா இல்லையா என்று சொல்லிவிடுவேன். செடிகொடிகளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, ஒரே ஒரு செடியைத் தவிர. நீர்முள்ளி. இங்கே மலையாளத்தில் வயல்சுள்ளி என்பார்கள். திருவனந்தபுரத்தைச் சுற்றி எந்த வயலோரம் அது நிற்கிறது, எந்தக் குளக்கரையில் முன்பு நின்று இப்போது இல்லாமல் போனது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். என் மனைவி அதைத் தேடிப் போனாள். நான் ஸ்கூட்டர் ஓட்டினேன்.

அவள் முதலில் கடைக்கு வந்தது ஒரு மழைக்கால மத்தியானம். குடையை வாசலில் சாய்த்துவிட்டு, நீளமாக, மூடி இறுக்கமாக ஒரு சம்படம் வேண்டும் என்றாள். முறுக்கு போட்டு வைக்கவா என்று கேட்டேன். இல்லை, செடி வைக்க என்றாள். வெயிலில் வாடாமல் வீடு வந்து சேர வேண்டுமாம். நான் காட்டிய டின்களை ஒவ்வொன்றாகத் திறந்து, உள்ளே முழங்கை வரைக்கும் கையை விட்டுப் பார்த்தாள். கடையில் வேலை செய்கிறவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார்கள். அவளுக்குப் பிடித்த டின்னில் தோளில் மாட்டிக்கொள்ள வார் இல்லை. பட்டறையில் கொடுத்து இரண்டு வளையம் வைத்துத் தருகிறேன் என்றேன். வாங்கிக்கொண்டு போனவள் அடுத்த மாதம் வந்து, மூடி துருப்பிடிக்கிறது, வேறு மூடி வேண்டும் என்றாள். அதற்கடுத்த முறை வந்தபோது எதுவும் வாங்க வரவில்லை. விலை கேட்காமல் கொஞ்ச நேரம் கரண்டிகளைப் பார்த்துவிட்டு, கல்லாவுக்குப் பக்கத்தில் வந்து, நாளைக்கு ஞாயிற்றுக்கிழமைதானே, கடை உண்டா என்று கேட்டாள்.

அவள் நகரத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக் கொடுத்தாள். கரமனையில் அக்ரஹாரத்து வீடு. அப்பா இல்லை. அவளும் அம்மாவும் மட்டும். எனக்கு நாற்பது தாண்டியிருந்தது, அவள் நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். என் வீட்டில் யாரும் எதுவும் சொல்லவில்லை; எனக்குக் கல்யாணம் ஆகும் என்ற நினைப்பையே அவர்கள் விட்டுப் பல காலம் ஆகியிருந்தது. அவள் அம்மாதான் சாதியைச் சொல்லி அழுதார், சாப்பிடாமல் இருந்தார், கடைசியில் பேச்சை நிறுத்தினார். ரிஜிஸ்டர் ஆபீசுக்கு அவர் வரவில்லை.

கரமனை ஆற்றுக்கு அந்தக் கரையில் அம்மா, இந்தக் கரையில் வாடகை மாடியில் நாங்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் பாலத்தைத் தாண்டி அம்மாவைப் பார்க்கப் போவாள். நான் தெருமுனையில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவேன். ஒரு வருஷம் கழித்து, அவள் திரும்பி வரும்போது கையில் ஒரு பாட்டில் இருந்தது. புளிக்காய்ச்சல். "உங்களுக்குன்னு சொல்லலை. ஆனா எனக்கு இவ்வளவு காரம் ஆகாதுன்னு அம்மாவுக்குத் தெரியும்" என்றாள். அதன்பிறகு பாட்டில்கள் வந்துகொண்டே இருந்தன. கழுவிய காலி பாட்டிலில் நான் முந்திரிப்பருப்போ கற்கண்டோ போட்டு அனுப்புவேன். அம்மாவும் நானும் நேரில் ஒரு வார்த்தை பேசிக்கொண்டது கிடையாது.

நீர்முள்ளி வேலை அவளுக்குக் கல்லூரி வழியாக வந்தது. இந்த மாவட்டத்தில் அந்தச் செடி எங்கெல்லாம் இருக்கிறது, எப்படிப்பட்ட இடத்தில் இருக்கிறது என்று பார்த்துப் பதிவு செய்ய வேண்டும். முதல் நாள் அவள் அதை எனக்குக் காட்டியபோது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. நேமம் தாண்டி ஒரு வயல் வரப்பு. இடுப்பு உயரத்தில் விறைப்பாக நிமிர்ந்த ஒரு தண்டு. கணுவுக்குக் கணு சுற்றிலும் இலை, இலைக்கு நடுவே மஞ்சள் முள், முள்ளுக்கு நடுவே ஊதாவும் நீலமுமாகச் சின்னப் பூ. நான் சின்ன வயசிலிருந்து எல்லாச் சாக்கடை ஓரத்திலும் பார்த்த செடி. இதன் விதையை எங்கள் கடைக்கு நான்கு கடை தள்ளி நாட்டு மருந்துக் கடையில் சாக்கில் வைத்து விற்கிறார்கள்.

"இதுக்குப் போயி யாராவது ஞாயித்துக்கிழமை மெனக்கெடுவாங்களா? வாய்க்காலோரம் பூரா இதானே கெடக்கு" என்றேன்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து இலங்கை, பர்மா, மலேயா வரைக்கும் இது இருக்கிறது, சூடும் சேறும் எங்கே உண்டோ அங்கேயெல்லாம் உண்டு என்று சொன்னாள். பிறகு, "அபூர்வமான செடின்னா நாலு பேர் தேடிண்டு வருவா. எங்கேயும் இருக்கறதை யாரும் பாக்கறதில்லை, கேட்டேளா. இல்லாம போனாலும் யாருக்கும் தெரியாது" என்றாள்.

அப்புறம் எத்தனையோ ஞாயிறுகள். புஞ்சக்கரி, திருவல்லம், வெள்ளாயணிக் காயலின் ஓரங்கள், ஆக்குளம், நெய்யாற்றின்கரைப் பக்கத்து வயல்கள். நான் மெல்ல அந்தச் செடியின் குணத்தைப் பழகிக்கொண்டேன். ஆழமான தண்ணீரில் அது நிற்காது. காய்ந்த மேட்டிலும் வராது. மழைக்காலத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்று, கோடையில் சேறு வெடித்துக் கிடக்கிற இடம் அதற்கு வேண்டும். நல்ல வெயில் வேண்டும். மாடு வாய் வைக்காது, அதனால் மற்றதெல்லாம் மேய்ந்து போன பிறகும் அது மட்டும் நிற்கும். விதை நனைந்தால் வழவழவென்று ஆகிவிடும். அவள் என் உள்ளங்கையில் நாலு விதையைப் போட்டு எச்சில் தொட்டு வைத்துக் காட்டினாள், உதறினால் போகவில்லை. கொஞ்ச நாளில் ஸ்கூட்டரில் போகும்போதே தூரத்து நீலத்தைப் பார்த்து வண்டியை ஓரம் கட்ட எனக்குத் தெரிந்துவிட்டது. அப்போது என் முதுகில் ஒரு தட்டுத் தட்டுவாள். கல்லூரியில் பரீட்சை பாஸானபோது கூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை.

செடியைப் பார்த்ததும் செல்போனில் இடத்தைக் குறிப்பாள். தண்ணீர் எவ்வளவு, மண் என்ன நிறம், பக்கத்தில் வேறு என்ன முளைத்திருக்கிறது என்று என்னிடம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே பதிவாள். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் மாவட்டத்தின் படத்தில் ஒரு நீலப் புள்ளி வைப்பாள். பழைய காலத்தில் யாராவது ஓர் இடத்தில் பறித்து உலர்த்தி வைத்திருந்து, இப்போது அங்கே போய்ப் பார்த்துச் செடி இல்லையென்றால், அந்தப் புள்ளி வெறும் வட்டமாக இருக்கும். நகரத்துக்கு உள்ளே பெரும்பாலும் வெறும் வட்டங்கள்.

ஒரு தடவை வயலுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தபோது லுங்கியை மடித்துக் கட்டிய ஒருவர் எங்களை நோக்கி வந்தார். "ஸ்தலம் நோக்கான் வந்நதாணோ?" என்று கேட்டார். மனை வாங்க வந்தவர்கள் என்று நினைத்துவிட்டார். வயல்சுள்ளி பார்க்க வந்தோம் என்று அவள் மலையாளத்தில் சொன்னதும் அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வேண்டிய மட்டும் பறித்துக்கொள்ளுங்கள் என்றார். மறுபடி நாங்கள் அங்கே போனபோது வரப்பிலிருந்து ரோடு வரைக்கும் செம்மண் கொட்டி நிரவியிருந்தது. லாரிச் சக்கரத்தின் தடத்தில் தண்ணீர் தேங்கி, அந்தத் தடத்திலேயே விரல் நீளத்துக்கு ஒரு நீர்முள்ளிக் கன்று முளைத்திருந்தது. அவள் குந்தி உட்கார்ந்து அதைப் படம் எடுத்தாள். அன்றைக்குப் புள்ளியை நீலமாக வைப்பதா வட்டமாக வைப்பதா என்று ராத்திரிச் சாப்பாட்டின்போது வெகுநேரம் பேசினோம். நீலம்தான் என்று நான் விடாப்பிடியாகச் சொன்னேன். அவள் வைத்தாள்.

ஐப்பசியின் துலாமழை விட்டு வெயில் அடிக்கத் தொடங்கியிருந்த ஒரு ஞாயிறு. பூக்கிற பருவம். ஒரு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், யாரும் உழாமல் விட்டிருந்த நிலத்தில் நீர்முள்ளி ஆள் உயரத்துக்கு அடர்ந்து நின்றது. அவ்வளவு பெரிய கூட்டத்தை நாங்கள் அதுவரைக்கும் பார்த்ததில்லை. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டுதான் அவள் எப்போதும் இறங்குவாள். எலிக்காய்ச்சல் வராமலிருக்கக் கல்லூரியில் சொன்ன மாத்திரையையும் வாரம் தவறாமல் போட்டுவந்தாள். அன்றைக்கு நடுவில் சேறு ஒரு பூட்ஸைப் பிடித்துக்கொண்டது. கால் மட்டும் வெளியே வந்தது, பூட்ஸ் வரவில்லை. ஒற்றைக் காலில் தடுமாறி, வெறுங்காலைச் செடிகளுக்கு நடுவே ஊன்றிவிட்டாள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்குவதற்குள் அவளே பூட்ஸைப் பிடுங்கிக் கையில் தூக்கிக்கொண்டு, சிரித்தபடி கரையேறி வந்தாள். மறு கையில் வேரோடு பிடுங்கிய ஒரு செடி.

கெண்டைக்காலில் நாலைந்து கீறல். ஒன்றில் முள் ஒடிந்து நின்றது. ஸ்கூட்டர் சீட்டில் காலை வைக்கச் சொல்லி, என் சாவிக்கொத்தில் இருந்த சின்ன முள்வாங்கியால் எடுத்தேன். அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாட்டில் தண்ணீரால் காலைக் கழுவினோம். வீட்டுக்கு வந்து மருந்து வைத்தோம். ரோட்டோரத்தில் டீ குடித்தோம். அந்த நாளில் வேறு ஒன்றும் நடக்கவில்லை.

ஒரு வாரத்துக்குப் பிறகு காய்ச்சல் வந்தது. அப்போது கல்லூரியில் பாதிப் பேருக்குக் காய்ச்சல். எல்லாரும் வைரல் என்றார்கள். கால் வலிக்கிறது, கெண்டைக்காலைத் தொட முடியவில்லை என்றாள். காலையில் காபி கொண்டுபோய்க் கொடுத்தபோது அவள் கண்ணைப் பார்த்தேன். வெள்ளைப்பகுதி முழுவதும் செக்கச்செவேலென்று இருந்தது. வாடகைக்கார் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். ரத்தம் பார்த்துவிட்டு டாக்டர் எலிப்பனி என்றார். எலிக்காய்ச்சலுக்கு இங்கே அதுதான் பெயர். மாத்திரை போட்டுவந்தாளே என்றேன். போட்டாலும் சிலருக்கு வரும் என்றார். அந்த முள்ளாலா, அந்தத் தண்ணீராலா என்று கேட்டேன். அவர் நல்ல மனுஷர். என்னை உட்காரச் சொல்லி, அதை யாராலும் சொல்ல முடியாது, மழைக்காலத்தில் இந்த ஊர்த் தண்ணீர் முழுக்க ஒன்றுதான் என்றார்.

அன்றைக்குச் சாயங்காலம் அவள் அம்மாவுக்குப் போன் செய்தேன். அவர் எண்ணுக்கு நான் அதுவரை பேசியதில்லை. யார் என்று சொன்னேன். ஆஸ்பத்திரிப் பெயரைச் சொன்னேன். அரைமணி நேரத்தில் ஆட்டோவில் வந்து இறங்கினார். வாசலில் நின்றிருந்த என்னைப் பார்த்து, "எங்கே இருக்கா, மாப்பிள்ளை?" என்று கேட்டார். எங்களுக்குக் கல்யாணம் ஆகி ஐந்து வருஷம் ஆகியிருந்தது. அந்தச் சொல்லைக் கேட்க அவள் எவ்வளவு ஆசைப்பட்டாள் என்பது எனக்குத் தெரியும். உள்ளே போய் அவளிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். போனபோது அவள் மயக்கத்தில் இருந்தாள்.

மறுநாள் தெளிவாக இருந்தாள். உடம்பு மஞ்சளாகியிருந்தது. சிறுநீரகம் சரியாக வேலை செய்யவில்லை என்று மிஷின் வைத்திருந்தார்கள். பார்க்கக் கொஞ்ச நேரம்தான் விடுவார்கள். அம்மா உன்னைப் பார்க்க வந்திருக்கிறார், என்னை மாப்பிள்ளை என்று கூப்பிட்டார் என்றேன். உதடு காய்ந்திருந்தது, ஆனாலும் சிரித்தாள். பிறகு என்னைக் கிட்டே வரச் சொன்னாள்.

"பேப்பர் மாத்தினேளா?"

எனக்குப் புரியவில்லை.

"செடி. அழுத்தி வெச்சிருக்கேனே. தினம் பேப்பர் மாத்தணும். இல்லேன்னா பூஞ்சை பிடிச்சுடும், கேட்டேளா."

மாற்றுகிறேன் என்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நான் கேட்ட அவள் பேச்சு அதுதான் கடைசி. அன்றைக்கு மத்தியானம் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு, பலகைகளுக்கு நடுவே வார் போட்டு இறுக்கியிருந்த கட்டைப் பிரித்தேன். அந்தப் பெரிய கூட்டத்திலிருந்து அவள் பிடுங்கி வந்த செடி பழைய தினசரிகளுக்கு இடையே தட்டையாகப் படுத்திருந்தது. பூ அதற்குள் நீலம் போய்ப் பழுப்பாகத் தொடங்கியிருந்தது. ஈரப் பேப்பரை உருவிவிட்டு உலர்ந்த பேப்பர் வைத்து மறுபடி இறுக்கினேன். திரும்பிப் போனபோது அவள் நுரையீரலில் ரத்தம் இறங்கியிருந்தது. மறுநாள் விடிந்து வெயில் ஏறிய நேரத்தில் போய்விட்டாள்.

காரியங்களெல்லாம் கரமனை வீட்டில் நடந்தன. அங்கேதான் நடக்க வேண்டும் என்று அம்மாதான் சொன்னார். தெருவில் யார் என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. அம்மா யாரையும் சொல்லவிடவில்லை. என்னைக் கூடத்தில் உட்காரவைத்து, எல்லாருக்கும் முன்னால், சாப்பிடுங்கோ மாப்பிள்ளை என்றார். நான் சாப்பிட்டேன். அழவில்லை. ராத்திரி மாடிக்குத் திரும்பி வந்து பேப்பர் மாற்றினேன்.

தினமும் மாற்றினேன். செடி எப்போதோ உலர்ந்துவிட்டது. உலர்ந்தது எனக்குத் தெரிந்தது. தொட்டால் சரசரவென்று இருந்தது. ஆனாலும் கடையைப் பூட்டிவிட்டு வந்ததும் அதைத்தான் முதலில் செய்தேன். பக்கத்துக் கடைக்காரர்கள் எனக்காகப் பழைய பேப்பர் எடுத்து வைத்தார்கள், என்னத்துக்கு என்று கேட்கவில்லை.

அவளிடம் படித்த பெண் ஒருத்தி ஒருநாள் வீட்டுக்கு வந்தாள். இப்போது அதே கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறாள். டீச்சரின் வேலையை முடித்துக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள், கம்ப்யூட்டரில் இருப்பதும் உலர்ந்த செடிகளும் வேண்டும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள். எல்லாவற்றையும் கொடுத்தேன். கடைசிச் செடியை அவள் பேப்பரிலிருந்து எடுத்துப் பார்த்தாள். எத்தனையோ பேர் உலர்த்தியிருக்கிறார்கள், இவ்வளவு சுத்தமாக உலர்ந்து நான் பார்த்ததில்லை என்றாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அந்தப் பெண் பயந்துபோய் எழுந்து நின்றாள். தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள். எங்கள் வீட்டு அடுக்களையில் தம்ளர் எங்கே இருக்கிறது என்று தேடி எடுத்துக் கொடுத்தாள்.

அம்மாவை நான் வெள்ளிக்கிழமைகளில் போய்ப் பார்த்துவந்தேன். அவர் காபி கொடுப்பார். அவளைப் பற்றிப் பேசமாட்டோம். மாசி மாதம் என்று நினைக்கிறேன், காபி தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனவர் திரும்பி வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அவ அப்படி என்னத்தத் தேடிண்டு போனா? எனக்கு ஒருதரம் காட்டுங்கோ" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டோ வைத்துக் கூட்டிப்போனேன். அவள் கால் வைத்த அந்த இடத்துக்குப் போக எனக்கு மனசில்லை. புஞ்சக்கரிப் பக்கம் ரோட்டை ஒட்டியே ஒரு தண்ணீர் வற்றிய பள்ளம் உண்டு. அங்கே நீர்முள்ளி வரிசையாக நின்றது, கடைசிப் பூக்களோடு. அடியில் இலையெல்லாம் காய்ந்து முள் மட்டும் விறைத்திருந்தது. ஆட்டோவிலிருந்து இறங்கிய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளத்தின் விளிம்பு வரைக்கும் வந்தார். எது என்று கேட்டார். காட்டினேன்.

வெகுநேரம் பார்த்தார்.

"இதா?" என்றார். "இது ஆத்தங்கரையில நெறைய கெடக்குமே. நான் சின்னப்பொண்ணா இருந்தப்போ பாவாடையில மாட்டிக்கும்."

ஆமாம், எல்லா இடத்திலும் உண்டு என்றேன். எங்கேயும் இருப்பதை யாரும் பார்ப்பதில்லை என்று அவள் என்னிடம் சொன்னதை அவரிடம் சொல்ல முயன்றேன். பாதிதான் சொல்ல முடிந்தது. அம்மா செடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இது லோகம் பூரா இருக்கு. எனக்கு அவ ஒருத்திதானே இருந்தா" என்றார்.

ரோட்டில் பஸ் போனது. ஆட்டோக்காரர் இறங்கி எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, போகலாம் என்றார். வழியில் என் கையை விடவே இல்லை. வீட்டு வாசலில் இறங்கியபோது, என்னோடு வந்து இருங்கள், இல்லையென்றால் நான் இங்கே வந்துவிடுகிறேன் என்று கேட்டுப் பார்த்தேன். அவள் வளர்ந்த வீட்டை விட்டு வரமுடியாது என்றார். நான் அங்கே வருவதைப் பற்றி யோசித்துவிட்டு, வேண்டாம் என்றார். என் முகத்தைப் பார்த்தால் அவருக்கு அவள் ஞாபகம் வருகிறதாம். வெள்ளிக்கிழமை மட்டும் வாருங்கள், அதுவரைக்கும் நான் மனசைத் தயார் பண்ணிக்கொள்கிறேன் என்றார். அப்படித்தான் இப்போதும் நடக்கிறது.

அந்த ஆராய்ச்சிப் பெண் வேலையை முடித்துவிட்டதாகச் சொன்னாள். வந்து புள்ளி வைத்த படத்தைக் காட்டட்டுமா என்று போனில் கேட்டாள். பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

போன மாதம் சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு நாகர்கோவில் போனேன். பகல் நேரத்துப் பாசஞ்சர் ரயில். ஜன்னலோர இடம் கிடைத்தது. நேமம் தாண்டியதும் தண்டவாளத்தை ஒட்டிய பள்ளத்தில் நீலம் தெரிந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பாலராமபுரத்திலும் இருந்தது. எழுந்து அந்தப் பக்கத்து இருக்கைக்கு மாறினேன். அந்தப் பக்கமும் இருந்தது. நெய்யாற்றின்கரை, பாறசாலை, குழித்துறை வரைக்கும், தண்ணீர் தேங்குகிற இடத்திலெல்லாம் நிமிர்ந்து நின்றது. ஒவ்வொன்றைப் பார்க்கும்போதும் முதுகு தானாகவே ஒரு தட்டுக்குக் காத்திருந்தது. ஜன்னல் கதவை இறக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன்.

எதிரே மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருந்த பெண், அண்ணா, பிள்ளைக்கு வியர்க்குது, கொஞ்சம் காத்து வரட்டும் என்றாள். கதவைத் திரும்பவும் ஏற்றிவிட்டேன்.